வரகும் உடலும்: பெரம்பலூர் – அரியலூர் வறள்நிலப் பகுதியில் உணவு, உழைப்பு, உடல் எடை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

உடல் எடையை விரைந்து குறைக்க முயல்வதைவிட, உணவிலும் உழைப்பிலும் சிறு மாற்றங்களை நெடுங்காலம் கைக்கொண்டு மெல்லக் குறைப்பதே நிலைக்கும் என்பது இன்றைய மருத்துவத்தின் கருத்து. இக்கருத்து பெரும்பாலும் தனிமனிதரின் மன உறுதியை நோக்கியே கூறப்படுகிறது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வறள்நிலமாக இருந்த பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் உணவு வரலாறு இதற்கு வேறொரு பார்வையைத் தருகிறது. அங்கு உடலை மெலிந்த நிலையில் வைத்திருந்த பழக்கங்களை நிலமும் கூலிமுறையும் பெண்களின் உழைப்பும் அமைத்தன. பசியும் அவற்றுள் ஒரு கூறு. அப்பழக்கங்கள் தளர்ந்த விதத்தையும், சென்னையில் நிகழ்ந்த வாழ்க்கைமுறை ஆய்வுகளின் முடிவுகளையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரகு, புன்செய் உணவு, பெரம்பலூர், அரியலூர், உடல் எடை, பஞ்சம், பொது விநியோகம், வாழ்க்கைமுறை மாற்றம்

முன்னுரை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களுள் 37.0 விழுக்காட்டினரும் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள் எனக் காட்டுகிறது. நான்காம் சுற்றில் (2015–16) இவ்வெண்கள் முறையே 30.9, 28.2 ஆக இருந்தன. இந்திய அளவில் ஐந்தாம் சுற்றின் எண்கள் பெண்களுக்கு 24.0, ஆண்களுக்கு 22.9. அரைத் தலைமுறைக்கும் குறைந்த காலத்தில் பத்து விழுக்காட்டளவு ஏறிய இம்மாற்றத்தை மக்களின் சோம்பல் என்றோ நாவடக்கமின்மை என்றோ விளக்கிவிட முடியாது. ஒரு மாநிலத்தின் மக்கள் அனைவரும் ஒரே காலத்தில் மன உறுதியை இழப்பதில்லை.

எடையைக் குறைக்க விரும்புவோருக்கு இன்று வழங்கப்படும் அறிவுரைகளுள் ஒன்று சிறுதானியம் உண்ணுதல். நகரங்களில் வரகு அரிசி பொட்டலங்களில் அடைக்கப்பட்டுச் சாதாரண அரிசியினும் கூடுதலான விலைக்கு விற்கப்படுகிறது. அதே வரகு, பெரம்பலூர், உடையார்பாளையம் பகுதிகளில் இரண்டு தலைமுறைகளுக்கு முன்வரை நெல்லுச்சோறு வாய்க்காதவரின் உணவாக இருந்தது. ஏழ்மையின் அடையாளமாக இருந்த தானியம் மருந்தாக மாறியிருக்கும் இந்நிலையில், பழைய உணவுக்குத் திரும்புவதே தீர்வு எனக் கூறுவது எந்த அளவுக்கு வரலாற்றுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் வினா.

நிலமும் தானியமும்

1995ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் ஒருங்கிணைந்த திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லைகள் இவ்வாறு மாறினாலும் நிலத்தின் இயல்பு மாறவில்லை. தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, மேற்கே பச்சைமலை ஆகியவற்றுக்கு இடைப்பட்ட மேட்டு நிலம் இது. கரிசலும் செம்மண்ணும் கலந்த இப்பகுதியில் ஆற்றுப்பாசனம் கொள்ளிடக் கரையை ஒட்டிய சிறு பகுதிக்கே கிடைத்தது. ஏனைய ஊர்கள் மழையையும் ஏரியையும் கிணற்றையும் நம்பியவை. காவிரியின் நன்செய்க்கும் இந்தப் புன்செய்க்கும் உள்ள வேறுபாடு, ஒரே மாவட்டத்திற்குள் இருவேறு உணவுப் பண்பாடுகளை உண்டாக்கியது. லூயிஸ் மூரின் திருச்சிராப்பள்ளி மாவட்டக் கையேடும் (1878), ஹெமிங்வே எழுதிய மாவட்ட விவரச்சுவடியும் (1907) இந்நிலத்தை ஆராய்வோருக்கு இன்றும் முதன்மையான சான்றுகள்.

வரகு, கம்பு, சோளம் ஆகிய மூன்றும் இம்மேட்டு நிலத்தின் தானியங்கள். முல்லை நிலத்து உணவாக வரகையும் சாமையையும் இலக்கண உரைகள் குறிக்கும். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று புல்வேளூரில் உண்ட வரகரிசிச் சோற்றைப் போற்றுகிறது. அப்போற்றுதலிலும் எளியவன் இட்ட உணவு என்ற குறிப்பே மேலோங்கி நிற்பது கவனிக்கத்தக்கது. அரியலூர் மாவட்டத்திலேயே அமைந்துள்ள கங்கைகொண்ட சோழபுரத்தை நினைவிற் கொண்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். சோழர் காலக் கோயில்களில் படையலும் ஊதியமும் நெல்லாலும் அரிசியாலுமே கணக்கிடப்பட்டன. நெல் செல்வத்தின் அளவுகோலாக இருந்த நாட்டில், வரகு உண்பவர் அச்செல்வத்திற்குப் புறத்தே நின்றவர்.

வரகின் சிறப்பு அதன் பொறுமை. குறைந்த மழையில் விளையும். உமியுடன் சேமித்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. கோயிற் கலசங்களில் வரகு இடும் வழக்கமும் இதனோடு தொடர்புடையதாகவே கருதப்படுகிறது. ஆனால் அதே உமியே அதன் இடரும் ஆகும். நெல்லைவிடக் கடினமான பல அடுக்கு உமி கொண்ட இத்தானியத்தைத் திரிகையில் உடைத்து, முறத்தில் புடைத்து, உரலில் இட்டுத் தீட்டி, மறுபடியும் புடைத்த பின்னரே உலையில் இட முடியும். ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோற்றுக்கு வேண்டிய வரகரிசியைப் பெறப் பெண்கள் பல மணிநேரம் உழைக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் பூஞ்சை பற்றிய கதிர் மயக்கத்தையும் நடுக்கத்தையும் தரும். அதைக் ‘கிறுக்கு வரகு’ என வழங்கினர். உடல்நலம் பற்றிய இன்றைய விளம்பரங்களில் இடம்பெறாத செய்திகள் இவை.

இந்த உழைப்பும் உணவின் ஒரு பகுதி என்பதே இங்கு முக்கியமானது. உண்பதற்கு முன்னரே உண்பதன் ஒரு பங்கு செலவாகிவிட்டது. விடியலில் கூழோ நீராகாரமோ குடித்துக் கொல்லைக்குச் செல்லுதல், கவலை ஏற்றத்தில் நீர் இறைத்தல், களையெடுத்தல், விறகும் நீரும் சுமத்தல், சந்தைக்கும் உறவினர் ஊருக்கும் நடந்தே போதல் என்பன அன்றைய நாளின் இயல்பான அசைவுகள். இவற்றைத் தனியாக ‘உடற்பயிற்சி’ என அழைக்க வேண்டிய தேவை எழவில்லை. கூலியும் பெரும்பாலும் களத்தில் தானியமாகவே அளக்கப்பட்டது. எனவே எதை உண்பது என்பதும் எவ்வளவு அசைவது என்பதும் ஒருவர் தேர்ந்துகொண்டவை அல்ல.

மெலிந்த உடலின் மறுபக்கம்

பழைய உணவு முறையைப் புகழ்வோர் பெரும்பாலும் விட்டுவிடும் பகுதி இது. 1863ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் பேன்டிங் என்னும் ஈமச்சடங்கு ஒப்பந்தக்காரர், தாம் ஓராண்டில் 46 பவுண்டு எடை குறைந்த விதத்தைச் சிறு வெளியீடாக அச்சிட்டார். எடை குறைப்பு பற்றிப் பொதுமக்களிடையே பெரிதும் பரவிய முதல் அச்சுப் பிரசுரங்களுள் அதுவும் ஒன்று. பேன்டிங்கின் பெயரே ஆங்கிலத்தில் எடை குறைத்தலைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. அதே 1863இல் சென்னையில் டபிள்யூ. ஆர். கார்னிஷ் என்னும் மருத்துவர் தொகுத்த அறிக்கை ஒன்று வெளிவந்தது. அதன் பொருள் சென்னை மாகாண மக்களின் உணவும் மாவட்டச் சிறைகளில் கைதிகளுக்கு வழங்கும் உணவளவும். பேரரசின் தலைநகரில் மிகுந்ததைக் கழிக்கும் வழி தேடப்பட்ட அதே ஆண்டில், அதன் மாகாணம் ஒன்றில் உடல் தாங்கக்கூடிய உணவளவு என்ன என்பது எண்ணப்பட்டது.

அவ்வெண்ணிக்கை 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தில் உயிர்ப்பிரச்சினையாயிற்று. 1877 தொடக்கத்தில் பஞ்ச ஆணையராக வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியத்திற்கும் சிறு காசுக்குமாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு ஒன்றரைப் பவுண்டேனும் வேண்டும் என்பது அவருடைய வாதம். சிறையுணவின் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் என்பதால் அவர் வாதத்திற்கு வலு இருந்தது. சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் அரிசி, இன்றைய அட்டவணைப்படி 1,600 கிலோகலோரி தரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் வகுத்த பரிந்துரையில் கடும் உழைப்பாளியான 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3,490 கிலோகலோரி தேவை எனக் குறிக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில் உடல்கள் தம்மையே தின்று அழிந்தன. பெரம்பலூருக்கு அண்டையில் இருந்த சேலம் மாவட்டம் அப்பஞ்சத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று.

காலனிய ஊட்டச்சத்து அறிவியலும் எடைக்குறைவையே நோயாகக் கண்டது. குன்னூரில் ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்கரிசன், இந்தியப் பகுதிகளின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டபோது, கோதுமையும் பாலும் மிகுந்த சீக்கியர் உணவு முதலிடத்தையும் அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடத்தையும் பெற்றன. அவருக்குப் பின் அந்நிறுவனத்தை வழிநடத்திய அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து மதிப்பு அட்டவணையை வெளியிட்டார். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. விடுதலைக்குப் பிந்தைய தமிழ்நாட்டின் உணவுக் கொள்கை, 1956இன் மதிய உணவுத் திட்டமும் 1982இன் சத்துணவுத் திட்டமும் உட்பட, இந்தப் பசியின் நினைவிலிருந்தே பிறந்தது. உடல் பருக்க வேண்டும் என்பதே அன்றைய விருப்பம். அது தவறான விருப்பமும் அன்று.

இப்பசி உடலுக்குள் விட்டுச்சென்ற தடம் பற்றியும் ஒரு குறிப்பு தேவை. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் 2004இல் லான்செட் இதழில் தம் புகைப்படத்தையே வெளியிட்டனர். இருவருடைய உடல் நிறை குறியீட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகள் தசையில் மெலிந்தும் கொழுப்பில் மெலியாமலும் இருப்பதை யாஜ்னிக் குழுவினர் காட்டியுள்ளனர். ஆசியருக்கு 23 என்ற குறியீட்டெண்ணிலேயே இடர் தொடங்குவதாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் குறித்ததற்கும் இத்தகைய சான்றுகளே அடிப்படை. ஆகவே ஒல்லியாக இருந்த முன்னோர் அனைவரும் நலமாக இருந்தனர் என்ற முடிவு பொருந்தாது.

‘சிறிது சிறிதாக’ என்ற கருத்தின் பழமை

எடையை மெல்லக் குறைக்க வேண்டும் என்ற கருத்து புதியதன்று. சரக சம்ஹிதையின் சூத்திரத்தானம் 21ஆம் அத்தியாயம், பழிக்கப்படும் எண்வகை உடலினரைக் கூறி, அவருள் மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் விரிவாக ஆராய்கிறது. பருத்தவருக்கு அது பரிந்துரைக்கும் உணவுப் பட்டியலில் வாற்கோதுமை, தினை, பாசிப்பயறு, கொள்ளு ஆகியவற்றோடு கோத்ரவம் என்ற தானியமும் உண்டு. கோத்ரவம் என்பது வரகு. விழித்திருத்தல், உடலுழைப்பு, சிந்தனை முதலியவற்றைப் படிப்படியாகக் கூட்டிவர வேண்டும் என்றும் அவ்வத்தியாயம் கூறுகிறது. ‘படிப்படியாக’ என்ற சொல்லே இங்குக் கருதத்தக்கது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலும் (95) பத்துக் குறள்களுள் ஆறு, முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்பதைப் பற்றியவை. நோயும் மருத்துவனும் அதற்குப் பின்னரே வருகின்றனர். இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள் என்னும் பழமொழியும் இவ்வறிவின் மக்கள் வடிவம். ஆனால் இந்நூல்கள் யாரை நோக்கிப் பேசின என்பதையும் கேட்க வேண்டும். அளவறிந்து உண் என்ற அறிவுரை, அளவுக்கு மேல் உண்ண வாய்ப்புள்ளவனுக்கே பொருந்தும். சரகர் செல்வனுக்கு மருந்தாகப் பரிந்துரைத்த வரகைப் பெரம்பலூர்க் கூலியாள் வேறு வழியின்றி நாள்தோறும் உண்டான். ஒரே தானியம், ஒரே அளவான உழைப்பு. ஒருவனுக்கு அது சிகிச்சை, மற்றவனுக்கு வாழ்க்கை.

மாற்றம் நிகழ்ந்த விதம்

வறள்நிலத்தில் நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்துக்கும் உரியதாக இருந்த நிலை, 1960களுக்குப் பின் மெல்ல மாறியது. தஞ்சாவூரில் 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் திட்டமும், தொடர்ந்து வந்த ஆடுதுறை 27 முதலான குறுகியகால நெல் வகைகளும் காவிரிப் படுகையின் விளைச்சலைப் பெருக்கின. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. நியாயவிலைக் கடை வழியாகப் படுகையின் அரிசி மேட்டு நிலத்துக்கு வந்தது. 2006இல் கிலோ 2 ரூபாய், 2008இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று அரிசியின் விலை இறங்கியது. திரிகையில் கை நோக உடைத்த வரகுக்கு மாற்றாக, தீட்டிய அரிசி வீட்டு வாசலருகே விலையின்றிக் கிடைத்தபோது பெண்கள் எதைத் தேர்ந்திருப்பர் என்பதில் வியப்பில்லை. உரலிலிருந்து அவர்கள் பெற்ற விடுதலையை ஒரு வீழ்ச்சியாக எழுதுவது, உலக்கை பிடிக்காதவரின் வரலாறாகவே அமையும்.

கொல்லையும் மாறிற்று. வரகு விளைந்த கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பரவின. செட்டிகுளம் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர்பெற்றது. பெரம்பலூர் இன்று மாநிலத்தின் முதன்மையான மக்காச்சோள மாவட்டங்களுள் ஒன்று. அம்மக்காச்சோளம் பெரிதும் கோழித்தீவனத்துக்குச் செல்கிறது. விளைவித்தவர் தட்டுக்கு அது தானியமாகத் திரும்புவதில்லை. கவலை ஏற்றம் மின்மோட்டாருக்கும், ஏர் டிராக்டருக்கும், நடை பேருந்துக்கும் பின்னர் இருசக்கர வண்டிக்கும் இடம் கொடுத்தன. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சிமெண்ட் ஆலைகளை ஈர்த்தது. வேளாண்மை சாராத வேலைகள் பெருகின.

இம்மாற்றத்தின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். மேற்குறித்த 2010ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி கடும் உழைப்பாளி ஆணுக்கு 3,490 கிலோகலோரி. அமர்ந்து பணிபுரிபவருக்கு 2,320. வேறுபாடு 1,170 கிலோகலோரி. அது ஏறத்தாழ 330 கிராம் அரிசிக்குச் சமம். உழைப்பு ஒரு தலைமுறைக்குள் குறைந்துவிடுகிறது. சோற்றின் அளவோ பழக்கத்தாலும் விருந்தோம்பலாலும் பசியின் நினைவாலும் எளிதில் குறைவதில்லை. வயிறு நிறைய உண்பது என்பதன் பொருளை உழைத்த உடலிலிருந்து கற்ற குடும்பங்களில், அடுத்த தலைமுறை அதே கிண்ணத்தால் அளக்கிறது.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. கெவின் ஹால் குழுவினர் 2011இல் லான்செட்டில் வெளியிட்ட கணிப்பின்படி, சராசரியான மிகை எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 100 கிலோஜூல் (ஏறத்தாழ 24 கிலோகலோரி) என்ற நிலையான மாற்றத்தைக் கைக்கொண்டால் இறுதியில் ஒரு கிலோ எடை மாறும். அம்மாற்றத்தில் பாதி நிகழ ஓராண்டும் 95 விழுக்காடு நிகழ மூன்று ஆண்டுகளும் ஆகும். 24 கிலோகலோரி என்பது 7 கிராம் அரிசி. ஒரு கைப்பிடியிலும் சிறு பங்கு. உடல் பருத்ததும் இத்தகைய சிறு மிகைகள் நாள்தோறும் சேர்ந்ததால்தான். அது இறங்குவதும் அதே வேகத்தில்தான். ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என அறிவிக்கும் முறைகள் உடலின் இந்தக் காலக்கணக்கைப் புறக்கணிப்பவை.

வரகு பற்றிய மிகைக்கூற்றையும் இவ்விடத்தில் சரிபார்க்கலாம். 2017ஆம் ஆண்டின் இந்திய உணவுக் கலவை அட்டவணைகளில் 100 கிராம் வரகின் ஆற்றல் 331 கிலோகலோரி. தீட்டிய பச்சரிசியின் ஆற்றல் 356. புரதம் முறையே 8.92 கிராம், 7.94 கிராம். பெரிய வேறுபாடு நார்ச்சத்தில் உள்ளது: வரகில் 6.39 கிராம், அரிசியில் 2.81 கிராம். எனவே வரகு கொழுப்பைக் கரைக்கும் மருந்தன்று. நார்மிகுதியால் விரைவில் வயிற்றை நிறைத்து, மெல்லச் செரிப்பதே அதன் பயன். அரிசியின் அளவிலேயே வரகையும் உண்டால் எடை குறையக் காரணமில்லை. முன்னோரின் உடல் மெலிந்திருந்ததற்கு வரகின் சத்து ஒரு பங்கு என்றால், அதை உடைத்த திரிகையும் விளைவித்த கொல்லையும் அதைவிடப் பெரிய பங்கு.

சென்னை ஆய்வுகள் காட்டுவன

பழக்க மாற்றத்தால் நோயைத் தடுக்க முடியுமா என்ற வினாவை அறிவியல் முறையில் முதலில் சோதித்தவற்றுள் சீனாவின் தாச்சிங் ஆய்வு (1986) குறிப்பிடத்தக்கது. பின்லாந்து ஆய்வும் (2001) அமெரிக்க ஆய்வும் (2002) நீரிழிவு 58 விழுக்காடு குறைந்ததைக் காட்டின. அமெரிக்க ஆய்வின் இலக்கு உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைத்தலும் வாரம் 150 நிமிட உடலுழைப்பும் மட்டுமே. 70 கிலோ உடையவருக்கு இது 5 கிலோவுக்கும் சற்றுக் குறைவு.

தமிழ்நாட்டின் சான்று அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேர் மூன்று ஆண்டுகள் தொடரப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் 55.0 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு உள்ளாயினர். உணவும் நடையும் பற்றிய தொடர் வழிகாட்டல் பெற்ற குழுவில் இது 39.3 விழுக்காடு. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்ற குழுவின் 40.5 விழுக்காட்டோடு ஒப்பிட்டால், பழக்க மாற்றம் மருந்துக்கு நிகரான பயனைத் தந்தது. இவ்வாய்வின் வியப்பான செய்தி, வழிகாட்டல் பெற்றோரின் எடை குறிப்பிடும் அளவுக்குக் குறையாமலேயே இப்பயன் கிடைத்தது என்பதாகும். எடைக்கருவியின் முள்ளை மட்டுமே நோக்கி, அது அசையவில்லை என நடையைக் கைவிடுவோர் பெற்ற பயனையும் இழக்கின்றனர். பின்னர் சென்னையிலேயே நடந்த டி-கிளிப் ஆய்வில் (2016) 578 பேர் பங்கேற்றனர். வகுப்புகளும் உடன் பயில்வோர் குழுவும் அமைந்த அம்முறையில், தேவையானோருக்கு மருந்தும் சேர்க்கப்பட்டது. நீரிழிவின் இடர் 32 விழுக்காடு குறைந்தது.

ஆயினும் வரலாற்று நோக்கில் இவற்றினும் பொருள் பொதிந்தது ஒரு பூங்காவின் கதை. 1996இல் தொடங்கிய சென்னை நகர மக்கள்தொகை ஆய்வில் ஏசியாட் காலனி என்னும் நடுத்தர வகுப்பினர் குடியிருப்பும் பாரதி நகர் என்னும் குறைந்த வருவாயினர் குடியிருப்பும் ஒப்பிடப்பட்டன. உடலுழைப்புக் குறைவின் கேட்டை அறிந்த ஏசியாட் காலனியினர் தாமே நிதி திரட்டித் தம் பகுதியில் பூங்கா அமைத்தனர். வாரத்தில் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 விழுக்காடாக உயர்ந்தனர். அவர்களின் மன உறுதி நான்கு மடங்கு கூடியது என்பதைவிட, நடப்பதற்கு ஓரிடம் வாசலருகே கிடைத்தது என்பதே பொருத்தமான விளக்கம். நிதி திரட்டும் வலிமையற்ற குடியிருப்புக்கு இந்த விளக்கம் என்ன தரும் என்பது விடையின்றி நிற்கும் வினா.

மேட்டு நிலத்தில் இன்று

இவ்வினா பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் கூர்மை பெறுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. நோய் வந்தபின் செய்யும் உதவி அது. நோய்க்கு முந்தைய நிலைக்கென, ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் 2023 நவம்பர் 4 அன்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தொடங்கப்பட்டன. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது நல்ல தொடக்கமே. ஆனால் வேப்பந்தட்டை அல்லது செந்துறைப் பக்கத்துச் சிற்றூர்ப் பெண் ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க, அவருடைய ஊரிலேயே விளக்குள்ள, வண்டிகள் விரையாத பாதை வேண்டும். வேலையின்றி நடக்கும் பெண்ணை ஊர் வியப்பாக நோக்காத நிலையும் வேண்டும். கொல்லைக்கு நடந்த நடைக்கு இருந்த மதிப்பு, உடலுக்காக நடக்கும் நடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உணவில் முடிச்சு இருப்பது உமியில். சிறுதானியப் பரப்பு சுருங்கியதற்கு விலையும் மழையும் மட்டும் காரணங்கள் அல்ல. அரிசி ஆலை ஊர்தோறும் வந்தது, வரகின் உமி நீக்கும் பொறி அவ்வாறு வரவில்லை. விளைந்த வரகை வணிகரிடம் விற்றுவிட்டு, அதே வரகரிசியைப் பல மடங்கு விலையில் வாங்க வேண்டிய நிலையில் உழவர் குடும்பம் நியாயவிலை அரிசியையே உண்ணும். சென்னையில் நடந்த மற்றோர் ஆய்வில், நகரத்தாரின் அன்றாட ஆற்றலில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்தே, பெரிதும் வெள்ளை அரிசியிலிருந்தே, கிடைப்பதும், அத்தகைய தானியத்தை மிகுதியாக உண்போரிடையே நீரிழிவு கூடுதலாக இருப்பதும் தெரியவந்தன. சிற்றூரின் தட்டும் அதே திசையில் செல்கிறது.

2023ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது, நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோட்டம் தொடங்கியது. உமி நீக்கும் இடர் இல்லாத தானியம் என்பதால் கேழ்வரகு இதற்கு எளிதாகப் பொருந்தியது. வரகின் மண்ணான பெரம்பலூரிலும் அரியலூரிலும் இதே முயற்சியை வரகைக் கொண்டு செய்ய வேண்டுமாயின், கடைக்கு முன் பொறி வர வேண்டும். அப்பொறியை உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துமா, மகளிர் சுயஉதவிக் குழு நடத்துமா, ஒரு மணிநேரத்தில் எத்தனை கிலோ அரைக்கும், குருணையாக வீணாவது எவ்வளவு என்பன இனி ஊர்ஊராகச் சென்று பதிவுசெய்யப்பட வேண்டிய செய்திகள். திரிகையில் வரகு உடைத்த அனுபவமுடைய மூத்த பெண்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் சிலர் உள்ளனர். ஒருநாள் சோற்றுக்கு அவர்கள் செலவிட்ட நேரமும், உண்ட அளவும், நடந்த தொலைவும் அவர்கள் வாய்மொழியிலேயே கிடைக்கும்.